சங்ககிரி சிங்கின் நான்காவது டெஸ்ட்

ஜூலை 5, சனி

கூப்பிட்டுவிட்டார்கள்!

காலை பத்தரை மணி. பட்டறையில் அப்பாவோடு ஒரு டாரஸ் லாரிக்குத் தார்ப்பாய் அளந்துகொண்டிருந்தேன். தெரியாத எண்ணிலிருந்து போன். இரண்டு தடவை கட் செய்தேன். மூன்றாவது தடவை எடுத்து, "எனக்கு எந்த ஆஃபரும் வேண்டாமுங்க" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. பிறகு இந்தியில், "அம்ரீக், ஒரு டெஸ்ட் மேட்ச்கூட வேண்டாமா?" தேர்வுக் குழுத் தலைவர்!

இலங்கைத் தொடரில் ஆளுக்கு ஒரு டெஸ்ட் ஜெயித்து நிற்கிறார்கள். மூன்றாவது டெஸ்ட் காலி நகரில். நம் அணியின் இரண்டு ஆஃப் ஸ்பின்னர்களில் ஒருவனுக்கு முழங்கால் போய்விட்டது, இன்னொருவனுக்கு டெங்கு. அதனால் முப்பத்தாறு வயது அம்ரீக் சிங். ஏழு வருடத்துக்கு முன்னால் மூன்று டெஸ்ட் ஆடிவிட்டு, பிறகு யாரும் பேரைக்கூட உச்சரிக்காத அம்ரீக் சிங்.

நான் தார்ப்பாய் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பா, "என்னடா கண்ணு, யார் போயிட்டாங்க?" என்றார். "நான்தாங்கப்பா போறேன், இலங்கைக்கு" என்றேன். அளவு நாடாவை அப்படியே ரோட்டில் போட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடினார். எழுபத்திரண்டு வயசு ஆள்.

என் மனைவி வாணியின் அலமாரியில் இருந்து இந்தப் புது நோட்டை எடுத்து எழுதுகிறேன். பிற்காலத்தில் யாராவது படித்தால் குழம்பக் கூடாது என்பதற்காக ஒரு குறிப்பு: அப்பா குர்தயாள் சிங், ஜலந்தரில் இருந்து 1979இல் லாரி ஓட்டி வந்தவர். சங்ககிரியில் ஆக்சில் உடைந்தது. சரிசெய்ய ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளில் ஊர் பிடித்துப்போய் இங்கேயே பட்டறை போட்டார். நான் இங்கே பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவன். பஞ்சாபி பேசுவேன், எழுத வராது. ஆகவே ஒரு சர்தாரின் நாட்குறிப்பு தமிழில் இருக்கிறது. ஆச்சரியப்பட வேண்டாம்.

ஜூலை 6, ஞாயிறு

தூக்கமே வரவில்லை. ஆனால் கொட்டாவியும் வரவில்லை!

ஜூலை 8, செவ்வாய்

சேலத்தில் ஒரு சின்ன வேலை. எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். சும்மாதான். வலது ஆள்காட்டி விரலை எக்ஸ்ரே எடுத்தார். நடு மூட்டு தேய்ந்திருக்கிறதாம், தசைநார் இழுத்துக்கொண்டு நிற்கிறதாம். இருபது வருடம் பந்து சுற்றிய விரல் தேயாமல் என்ன செய்யும்? ஆறு மாதம் பந்தைத் தொடாதீர்கள் என்றார். டாக்டர்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்து எதுவும் சொல்வதில்லை.

வாணி அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ரிப்போர்ட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள். மடித்து அலமாரிக்குள் வைத்தாள்.

"ஏனுங்க, டீம்ல இதையெல்லாம் கேப்பாங்களா?"

"கேட்டாச் சொல்லிட்டுப் போறேன்."

"கேக்கலைன்னா?"

"வாணி, நான் போகட்டுமா வேண்டாமா?"

"போறதுன்னு பெட்டியே கட்டிட்டீங்க. இப்ப எதுக்கு எங்கிட்டக் கேக்கறீங்க?"

சாப்பாடு நன்றாக இருந்தது. அவரைக்காய் பொரியல். வெள்ளைப் பேன்ட் மூன்றையும் நானே துவைத்து மாடியில் காயப்போட்டேன். ஏழு வருடமாகப் பெட்டிக்குள் இருந்த தொப்பியில் பூஞ்சை. அதையும் துடைத்தேன்.

ஜூலை 10, வியாழன்

உடற்தகுதிச் சோதனை முடிந்தது. ஓடச் சொன்னார்கள், ஓடினேன். குனியச் சொன்னார்கள், குனிந்தேன். இருபத்துமூன்று வயதுப் பையன்கள் மூச்சு வாங்க நின்ற இடத்தில் நான் சிரித்துக்கொண்டு நின்றேன்! விரலைக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

ஜூலை 12, சனி

காலி! ஹோட்டல் ஜன்னலைத் திறந்தால் கடல். மைதானத்துக்கு இரண்டு பக்கமும் கடல், ஒரு பக்கம் பழைய கோட்டை. டிக்கெட் எடுக்காதவர்கள் கோட்டைச் சுவரில் ஏறி நின்று பார்ப்பார்களாம். இப்படி ஒரு இடத்தில் பந்து போடக் காசு கேட்டால்கூடக் கொடுத்துவிடுவேன்.

காலைச் சாப்பாட்டுக்கு இடியாப்பமும் தேங்காய்ச் சம்பலும். எட்டு இடியாப்பம் சாப்பிட்டேன். விக்கெட் கீப்பர் டெரன்ஸ் எண்ணிக்கொண்டிருந்தான்.

டெரன்ஸ் அமல்ராஜ், ராயபுரத்துப் பையன். அணியில் என்னைத் தவிரத் தமிழ் பேசும் ஒரே ஆள். முதல் கேள்வியே, "சிங்கண்ணே, நீ தலைல கட்டிக்கீறத கழட்டாமயே தூங்குவியா?" இரண்டாவது கேள்வி, "இன்னாண்ணே உன் தமிழு, கல்யாணப் பத்திரிகை மாதிரி மரியாதயா கீது?" எனக்கு இவனைப் பிடித்துவிட்டது.

"கிரவுண்ட்ல நாம தமிழ்லயே பேசிக்கலாண்ணே. ஒருத்தனுக்கும் புரியாது" என்றான். அருமையான யோசனை.

ஜூலை 14, திங்கள்

வலையில் இரண்டு மணி நேரம். பந்து காற்றில் தொங்கிவிட்டுப் பாம்பு மாதிரி திரும்புகிறது. கேப்டன் அனிகேத் போசலேயை மூன்று தடவை போல்ட் செய்தேன். மூன்றாவது தடவை மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். பேச்சு எல்லாம் இந்திதான். என் இந்தியைக் கேட்டு, பஞ்சாபியில் அண்ணன் என்று கூப்பிட்டு, "பாஜி, நீங்கள் பேசினால் ஏதோ தென்னிந்தியர் பேசுகிற மாதிரி இருக்கிறது" என்றார். ஆமாம், அப்படித்தான் என்றேன்.

இரவு விருந்துக்கு எல்லாரும் கோட்டு. நான் தலைப்பாகை கட்டாமல், விளையாடும்போது கட்டுகிற சின்னத் துணியான பட்கா மட்டும் சுற்றிக்கொண்டு போனேன். புதுத் துணி, கஞ்சி அதிகம், மடிப்பு நிற்கவில்லை. நாற்பது நிமிடம் முயன்றுவிட்டு விட்டுவிட்டேன். துணிதான் காரணம்.

ஜூலை 16, புதன்

நாளை ஆடுகிறேன்! போசலே அறைக்கே வந்து சொன்னார். நானும் இடக்கை ஸ்பின்னர் பிரணய் சைகியாவும். அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"டேய் கண்ணு, பட்டறைல டி.வி. மாட்டியாச்சு. அஞ்சு நாளைக்கு ஒரு வண்டியும் எடுக்கறதில்லைன்னு போர்டு எழுதிப் போட்டுட்டேன்."

"பொழப்பு என்னாகறதுங்கப்பா?"

"லாரிக்காரனுவளும் இங்கதான் உக்காந்து பாக்கப் போறானுவ. அப்புறம் எவன் வண்டி எடுக்கறது?"

வாணியிடம் பேசினேன். "டேப்பைச் சுத்திக்குங்க, ரொம்ப இறுக்கிடாதீங்க" என்றாள். சரி என்றேன்.

ஜூலை 17, வியாழன் (முதல் நாள்)

டாஸ் ஜெயித்து நாம் பேட்டிங். 8 விக்கெட்டுக்கு 271. தேசிய கீதத்தின்போது பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், கண் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற டெரன்ஸ் வாயைத் திறக்காமல், "அயாதண்ணே, கேமரா வருது" என்றான்.

ஜூலை 18, வெள்ளி (இரண்டாம் நாள்)

நாம் 287க்கு ஆல் அவுட். நான் நாலு ரன்.

பிறகு பந்து! ஒன்பதாவது ஓவர் என்னிடம் வந்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு போட்ட முதல் பந்து, சத்தியமாகச் சொல்கிறேன், ரீங்காரம் போட்டுக்கொண்டு போனது. நான்காவது பந்தில் அவர்கள் தொடக்க ஆட்டக்காரர் எல்.பி.டபிள்யூ. நான் அம்பயரைப் பார்த்துக் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. கோட்டைச் சுவரில் இருந்த நம் ஆட்கள் சிலர் கொடி ஆட்டினார்கள்.

அதற்குப் பிறகு ஒருவன் வந்தான். பெயர் ஜெரோம் டேவிட். இருபத்துநாலு வயது, முதல் டெஸ்ட். கொழும்பில் படித்தவன் என்று மட்டும் எங்கள் குறிப்பில் இருந்தது. நான் என்ன போட்டாலும், போடுவதற்கு முன்பே தெரிந்தவன் மாதிரி ஆடுகிறான்! டெரன்ஸ் ஸ்டம்புக்குப் பின்னால் இருந்து, "அண்ணே, வெளிய போடு, இழுப்பான்" என்று கத்துவான். நான் வெளியே போட்டால் டேவிட் இழுக்கமாட்டான், பின்காலில் போய்க் கட் செய்வான். "கால்ல போடு" என்றால் ஸ்வீப்புக்கு முன்பே குனிந்து நிற்கிறான். இப்படி ஒரு மூளையா!

நடுவில் டெரன்ஸ் ஓடி வந்தான்.

"வெரல இன்னாண்ணே அப்டி ஒதறிக்கினே கீற?"

"ஒண்ணுமில்லடா. நாலு ஓவர் வரைக்கும் நல்லா இருக்குது. அஞ்சாவதுல மரத்துப்போயிருது. அப்புறம் பந்து சுத்த மாட்டேங்குது, அவ்வளவுதான்."

"அவ்ளோதானா? ஃபிசியோகிட்ட சொல்லு."

"போய்க் கீப்பிங் பண்ணுடா."

பக்கத்தில் டேவிட் கையுறையைச் சரிசெய்துகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்ட முடிவில் 4 விக்கெட்டுக்கு 190. அவன் 71.

எழுத்து கோணலாக வருகிறது. ஹோட்டல் பேனா சரியில்லை.

ஜூலை 19, சனி (மூன்றாம் நாள்)

இன்று நடந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை!

காலையில் என் நாலாவது ஓவர். டேவிட் 96. டெரன்ஸ், "அண்ணே, இத்தக் கொஞ்சம் மெதுவா, மேல தூக்கிப் போடு. செஞ்சுரி ஆசைல எறங்குவான்" என்றான். நான் போட்டேன். டேவிட் இறங்கவே இல்லை. நின்ற இடத்தில் காத்திருந்து மிட்விக்கெட்டுக்கு மேலே நாலு. சதம். கூட்டம் எழுந்து கத்துகிறது. அவன் மட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டு என் பக்கம் நடந்து வந்து, மெதுவாக, சுத்தமான தமிழில் சொல்கிறான்:

"அண்ணை, உங்கட கீப்பருக்குத்தான் நான் நன்றி சொல்ல வேணும்."

"ஏப்பா, நீ தமிழா?"

"யாழ்ப்பாணம், அண்ணை. அம்மா அப்பா இப்பவும் அங்கதான். ரெண்டு நாளா நல்ல பகிடி. ஒரு சர்தார்ஜி கொங்குத் தமிழ் கதைக்கிறார், கேட்டுக்கொண்டே நிண்டிட்டன்."

திரும்பிப் பார்க்கிறேன், டெரன்ஸ் கையுறையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்கிறான். "அய்யோ, மொத்தத்தயும் கேட்டுக்கினான்டா! அண்ணே, போன வாரம் எட்டு இட்லி சைஸ்ல இடியாப்பம் துன்னியே, அதச் சொன்னனே, அதயும் கேட்டானா?"

"அதுவும் கேட்டனான்" என்றான் டேவிட்.

ஸ்லிப்பில் நின்ற போசலே, என்ன ஆச்சு, ஏன் மூன்று பேரும் சிரிக்கிறீர்கள் என்று இந்தியில் கேட்கிறார். எங்களைப் பார்த்து அம்பயருக்கும் சிரிப்பு.

ஆனால் அடுத்த ஓவரில் நாங்கள் விட்டுவிடவில்லை. டெரன்ஸ் சத்தமாக, "அண்ணே, வெளிய போடு!" என்று கத்தினான். எனக்கு அவன் குரலே காட்டிக்கொடுத்துவிட்டது. ராயபுரத்துக்காரன் பொய் சொல்லும்போது குரல் ஒரு படி ஏறும். நேராக, வேகமாகப் போட்டேன். டேவிட் வெளியே எதிர்பார்த்துக் காலை நகர்த்தினான். நடு ஸ்டம்ப் படுத்துவிட்டது. 104.

"இது சரியில்லை, அண்ணை" என்றான் போகும்போது. சிரித்துக்கொண்டுதான் போனான். நான் பாதி மைதானம் ஓடினேன். என்னைப் பிடித்து நிறுத்த நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

அவர்கள் 301. எனக்கு 97 ரன்னுக்கு மூன்று விக்கெட். நாம் மாலை 4 விக்கெட்டுக்கு 120.

ஃபிசியோ டிசோசா, கையைக் குலுக்க வந்தவர், என் கையைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்திருந்தார். "வீக்கமா?" என்றார். "சந்தோஷம்" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

வாணி போனை எடுக்கவில்லை. டூட்டியில் இருப்பாள்.

ஜூலை 20, ஞாயிறு (நான்காம் நாள்)

நாம் 241. அவர்களுக்கு இலக்கு 228. கடைசி ஒன்றேகால் மணி நேரத்தில் நான் இரண்டு எடுத்தேன்! முதலாமவன் ஷார்ட் லெக்கில் கேட்ச், இரண்டாமவன் பந்து திரும்பும் என்று நினைத்துத் திரும்பாததில் போல்ட். உண்மையில் நான் அதைத் திருப்பத்தான் போட்டேன். அது யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. 2 விக்கெட்டுக்கு 68. நாளை 160 வேண்டும் அவர்களுக்கு, எட்டு விக்கெட் வேண்டும் நமக்கு.

டெரன்ஸ் அறைக்கு ஐஸ் கொண்டுவந்தான். பேச்சில்லாமல் வைத்துவிட்டுப் போனான். அவனுக்குப் பேச்சில்லாமல் இருக்கத் தெரியும் என்பதே இன்றுதான் தெரிந்தது.

சட்டைப் பொத்தானைப் போட நேரம் ஆகிறது. கடல் காற்றில் துணி விறைத்துவிடுகிறது.

நாளை! நாளை!

ஜூலை 21, திங்கள் (ஐந்தாம் நாள்)

இடது கையால் எழுதிப் பார்த்தேன், எனக்கே படிக்க வரவில்லை. நடுவிரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையில் பேனாவைப் பிடித்து எழுதுகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, இன்றைய நாளை எழுதாமல் படுக்கமாட்டேன்.

காலையில் இருந்தே பந்து என் பேச்சைக் கேட்டது. முதல் நாலு ஓவரில் ஒரு விக்கெட். கொஞ்சம் ஓய்வு. மறுபடி நாலு ஓவர், இன்னொரு விக்கெட். சாப்பாட்டு இடைவேளையில் 5 விக்கெட்டுக்கு 124. சைகியா ஒருவனைத் தூக்கியிருந்தான். பிறகு வேகப்பந்து நட்கர்ணி ஒன்று, சைகியா இன்னொன்று, நான் ஒன்று. அது என் ஐந்தாவது விக்கெட்! டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து! பந்தைத் தூக்கிக் காட்டினேன். கோட்டைச் சுவரில் ஒரு லாரி ஹாரன் சத்தம் கேட்டது போல இருந்தது. அது என் கற்பனையாக இருக்கலாம்.

ஒன்பதாவது விக்கெட்டாக ஒருவன் ரன் அவுட் ஆனபோது 23 ரன் வேண்டும். ஒரு விக்கெட் வேண்டும். மறுமுனையில் டேவிட், 79.

இங்கேதான் ஒன்றைக் கவனித்தேன். டேவிட் மற்றவர்களை அடிக்கவே இல்லை. நட்கர்ணியைத் தடுக்கிறான். சைகியாவைத் தடுத்தான். என் முதல் நாலு ஓவரையும் பூனைக்குட்டியைத் தடவுவது போலத் தடுத்தான். என் ஐந்தாவது ஓவர் வந்ததும் மட்டையைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டி நிமிர்ந்து நின்றான். அதில் ஒரு பவுண்டரி, கடைசிப் பந்தில் ஒரு சிக்ஸர். பத்து ரன்.

அப்போது எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை டெரன்ஸிடம் நான் சொன்னது, நாலு ஓவருக்குப் பிறகு மரத்துப்போய்விடும் என்று நானே வாயால் சொன்னது, அதையும் இவன் கேட்டிருக்கிறான். வானத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறான். இந்த மைதானத்தில் டெரன்ஸைத் தவிர என் விரலைப் பற்றித் தெரிந்தவன் எதிரணிக்காரன் ஒருவன்தான்.

நட்கர்ணியின் ஓவரில் கடைசி ஆட்டக்காரன் ஆறு பந்தையும் எப்படியோ தடுத்துவிட்டான். ரன் இல்லை. இனி 13. ஓவர் மாறியதால் டேவிட் என் முனையை எதிர்கொள்கிறான். போசலே பந்தைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"பாஜி, ஒரே ஒரு பந்து நல்லதாக விழுந்தால் போதும். முடித்துவிடுங்கள்."

பந்தை வாங்கினேன். விரலைத் தையலின் மேல் வைத்தேன். வைத்தது தெரியவில்லை. பந்து தொடுகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. கூட்டம் இரைகிறது, டெரன்ஸ் கையைத் தட்டுகிறான். ஆறாவது விக்கெட், வெற்றி விக்கெட், ஏழு வருடம் கழித்து! போடு போடு என்கிறது ரத்தம். போட்டால் என்ன ஆகும்? இன்னொரு முழு நீளப் பந்து, திரும்பாத பந்து, அவன் எதிர்பார்த்து நிற்கும் அதே பந்து.

"கேப்டன்" என்றேன். "என்னால் முடியாது."

அவருக்குப் புரியவில்லை. நான் விரலில் சுற்றியிருந்த டேப்பை உரித்துக் காட்டினேன். அந்த மூட்டு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அணியில் யாருக்கும் அதுவரை நான் அதைக் காட்டியதில்லை. நானேகூட இரண்டு நாளாகச் சரியாகப் பார்க்கவில்லை.

"எப்போதிலிருந்து?"

"சங்ககிரியில் இருந்தே."

அவர் முகத்தில் வந்ததைக் கோபம் என்று சொல்வதா தெரியவில்லை. மூன்று விநாடி. பிறகு திரும்பி, "சைகியா!" என்றார்.

சைகியா தயங்கினான். "பாஜி, ஐந்து விக்கெட் எடுத்தவர் நீங்கள். இது உங்கள் ஓவர்."

"இல்லை, உன்னுது" என்று பந்தை அவன் கையில் வைத்துவிட்டு மிட் ஆஃபுக்கு ஓடினேன். ஓடும்போது டேவிட்டைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவன் முகத்தில் ஒரு கணக்குத் தப்பிய கலவரம்.

முதல் பந்து தடுத்தான். இரண்டாவது பந்துக்கு இறங்கினான். சைகியா அதைக் கொஞ்சம் பின்னால் நிறுத்திவிட்டான். பந்து வெளியே திரும்பியது, மட்டை காற்றை அடித்தது, அந்த ஒரு நொடியில் நான் பார்த்தது டெரன்ஸின் இரண்டு கையும் ஸ்டம்பும் மட்டும்தான். பெய்ல்ஸ் பறந்தன!

பன்னிரண்டு ரன். பன்னிரண்டே ரன்! சைகியாவை நான்தான் முதலில் தூக்கினேன். எந்தக் கையால் தூக்கினேன் என்று கேட்காதீர்கள். டெரன்ஸ் என் முதுகில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "மெர்சல்ண்ணே! மெர்சல்!" என்று காதுக்குள் கத்தினான், இன்னும் அந்தக் காதில் சரியாகக் கேட்கவில்லை.

உடைமாற்றும் அறையில் எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கும்போது போசலே பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏன் முன்பே சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தால் கூட்டிவந்திருப்பீர்களா?"

"மாட்டேன்."

"அதனால்தான்."

"அது தப்பு, பாஜி."

"தப்புதான்."

பிறகு என் தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்து கொடுத்தார். அவ்வளவுதான் பேசினோம்.

டேவிட் வந்தான். கையில் அவனுடைய மட்டை, அதில் என் கையெழுத்து வேண்டுமாம்! கையெழுத்து என்ற பெயரில் ஏதோ கிறுக்கினேன்.

"அண்ணை, நீங்கள் போடுவியள் எண்டுதான் நிண்டனான். மற்றாக்களை அடிக்கவே இல்லை. ஏன் பந்தைக் குடுத்தனீங்கள்?"

"நீ காத்துக்கிட்டு நின்ன பாரு, அதனாலதான்."

"பிழை என்னிலதான்" என்றான். "கொஞ்சம் மறைச்சு நிண்டிருக்க வேணும்."

"கேட்டதையெல்லாம் கேக்காத மாதிரி நின்னயே, அது பத்தாதாக்கும்?"

ரெண்டு பேரும் நேரம் போவது தெரியாமல் சிரித்தோம். அவன் அம்மா போனில் வந்தார். சர்தார் தமிழ் பேசுகிறாரா என்று சந்தேகமாம். பேசிக் காட்டினேன். "வடிவாக் கதைக்கிறியள் தம்பி, ஒருக்கா வீட்டுக்குச் சாப்பிட வாங்கோ" என்றார்.

ஜூலை 22, செவ்வாய்

ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் முழுசாக அறுந்திருக்கிறதாம். டிசோசா என்னிடம் ஒரு மணி நேரம் பேசவில்லை, பிறகு ஒரு மணி நேரம் திட்டினார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

கோப்பையோடு எடுத்த படத்தில் நான் நடுவில் இருக்கிறேன்! வாயை மூட மறந்திருக்கிறேன்.

ஜூலை 28, திங்கள்

(இவருடைய வலது கை முழுக்கக் கட்டு. இவர் சொல்கிறார், நான் எழுதுகிறேன். கோகிலவாணி.)

சேலத்தில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலி எதுவும் இல்லை.

(வலி இருக்கிறது. விடிந்ததிலிருந்து இரண்டு தடவை மாத்திரை கேட்டார்.)

ஆறு மாதத்தில் மறுபடி பந்து போடலாம் என்று டாக்டர் சொன்னார்.

(டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. சாப்பிடலாம், எழுதலாம், ஸ்பேனர் பிடிக்கலாம், பந்து சுற்ற முடியாது என்று சொன்னார். சொல்லும்போது இவரும் அங்கேதான் இருந்தார்.)

"அதையும் எழுதிட்டயா?" என்றார். எழுதிட்டேன் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: சரி, எழுதிக்கோ. நான்கு டெஸ்ட். இருபது விக்கெட். ஒரு தடவை ஐந்து. கடைசி டெஸ்டில் ஜெயித்தோம். அவ்வளவுதான். அதுவே போதும் என்று எழுது. இல்லை, போதாது என்று எழுது. ஆனால் பயங்கரமாக இருந்தது வாணி, அந்தப் பந்து காற்றில் போகும்போது ஒரு சத்தம் வரும் பாரு, அதை எப்படி எழுதுவே?

எனக்கு எழுதத் தெரியவில்லை. அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டினார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்படியே பேசிக்கொண்டே தூங்கிப்போனார்.

இனி நான் எழுதுவது இவருக்குத் தெரியாது.

போன திங்கட்கிழமை, கடைசி நாள் ஆட்டத்தன்று, நான் லீவு போடவில்லை. வார்டு டி.வி.யில் மேட்ச் ஓடியது. நோயாளிகள், கூட வந்தவர்கள், ஆயாக்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். இவர் ஒவ்வொரு விக்கெட் எடுக்கும்போதும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, விக்கெட்டையும் பார்க்கவில்லை. அந்த ஒரு விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். போகாதீங்க என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போயிருக்கமாட்டார். அது எனக்குத் தெரியும். ஏழு வருடமாக இவர் தார்ப்பாய் அளக்கும் அழகைப் பார்த்தவள் நான், எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் பந்தை அந்தப் பையனிடம் கொடுத்தார். வார்டே, "அய்யய்யோ!" என்றது. "ஏம்மா நர்ஸம்மா, உன்ற வீட்டுக்காரரு எதுக்கம்மா பந்தக் குடுத்துட்டாரு?" என்று ஒரு பாட்டி அதட்டலாகக் கேட்டார்.

கையில் இருந்த ட்ரேயைக் கீழே வைத்துவிட்டு, அன்றைக்கு முதல் தடவையாக, நான் மட்டும் கைதட்டினேன்.